உள்பக்கத் திருகு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் கியரைத் தட்டியும் சைக்கிள் செயின், ஏற்றத்துக்கான சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கவில்லை. பாதி மேட்டிலேயே இறங்கி, மருந்துப் பெட்டியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். மேட்டு வீடுகளுக்கு எட்டு மணிக்குள் மருந்து போக வேண்டும். போனது எட்டு இருபதுக்கு. கடைப் பலகையில் என் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் வேளை மாற்றம் என்பது முதலாளியம்மாவின் சட்டம்.

மருந்துக்கடைக்கு ஒரே சைக்கிள், ஓட்ட இரண்டு பேர். காலையில் மேட்டுக்கு நான். ஒரு மணிக்கு மேல் சமதளக் கடைத்தெருவுக்கு நெட்டையன். எனக்கு மதிய வேளை வந்தால் இரண்டு மணி மருந்தாளர் வகுப்பு போச்சு. தொடர்ந்து ஏழு நாள் வராதவர் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மார்ச் 5, புதன்

கியர் கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. ஜாக்கெட்டில் கறை.

மார்ச் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! பெடல் பக்கத்துப் பல்சக்கரங்களுக்கு மேலே, செயினை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்குகிற தகடு ஒன்று இருக்கிறது. அதன் தலையில் இரண்டு குட்டித் திருகுகள். உள்பக்கத் திருகை முறுக்க முறுக்க, தகடு உள்ளே நகர்வது குறையும். அதை யாரோ கடைசி வரை முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவர் கீறல் பளபளவென்று புதிதாக இருக்கிறது. யாரோ என்ன யாரோ. அவன்தான்.

வண்டி கைமாறும்போது கேட்டேன். மறுக்கக்கூட இல்லை.

"ஆமாக்கா. நான்தான் முறுக்கினேன். இல்லேன்னா செயின் உள்ளே விழுந்து தொலையுது. நடுரோட்டுல கருப்புக் கையோட நிக்கிறது நீங்களா?"

அவன் வாயிலிருந்து 'அக்கா' வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சமதள ரோட்டில் செயின் எப்படி விழும்? புளுகன். ஓட்டத் தெரியாதவன்.

அவன் போவதற்குள் திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்திவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

மறுபடி முறுக்கியிருக்கிறான். இரண்டாவது கோடு.

"திருகைத் தொடாதே" என்று துண்டுக் காகிதத்தில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

பதில் கட்டியிருந்தது. "சீட் உயரத்தைத் தொடாதீங்க அக்கா. ரெண்டு நிமிஷம் வேஸ்ட்." சீட்டை இறக்காமல் நான் என்ன ஏணி வைத்தா ஏறுவது? என் துண்டுக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே கெட்ட வார்த்தை ஒன்று எழுதித் திருப்பிக் கட்டினேன். இந்த வயதில். வெட்கமாக இல்லை.

மார்ச் 13, வியாழன்

மூன்றாவது கோடு.

"அவன்தாம்மா திருகை முறுக்கி வைக்கிறான்" என்றேன். முதலாளியம்மா கணக்கிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ரெண்டு பேரும் அதையேதான் சொல்றீங்க. நாளைக்குக் கடை லீவு. திங்கக்கிழமையிலேர்ந்து நீ மதியம், அவன் காலைல."

அவன் சிரித்தான். சாயங்காலம் வீட்டில் இருக்கலாமாம், கைக்குழந்தை இருக்கிறதாம். யாருக்குத்தான் வீடு இல்லை?

மார்ச் 17, திங்கள்

வகுப்புக்கு முதல் நாள் மட்டம்.

இப்போது மேடு அவனுக்கு. அதனால் திருகைத் தளர்த்தி வைத்திருந்தான். சிக்னலில் கியரை இறக்கினேன். செயின் கடகடவென்று உள்ளே விழுந்து அச்சோடு சிக்கிக்கொண்டது. நடுரோட்டில் நான், இரண்டு கையும் கருப்பு, பின்னால் ஹாரன்.

புளுகவில்லை அவன்.

கடைக்கு வந்து திருகை முறுக்கினேன். கடைசி வரை.

மார்ச் 18, செவ்வாய்

அவனுக்கு முதல் கோடு. நன்றாக வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

அவன் தளர்த்தினான், நான் முறுக்கினேன். அவனுக்கு இரண்டாவது கோடு. பின்கட்டில் வைத்து என்னைப் பார்த்துக் கத்தினான்: "மனுஷியா நீங்க?" இந்த முறை அக்கா இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வகுப்பில் நாலு நாள் போயிற்று.

மார்ச் 21, வெள்ளி

திருகை முறுக்கியும் இன்று செயின் விழுந்தது. அது எப்படி?

கடைப் பின்கட்டில் குந்தி உட்கார்ந்து செயினை மாட்டிவிட்டு, பெடல் தண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தண்டு என்னோடு சேர்ந்து பக்கவாட்டில் அசைந்தது. ஆட்டிப் பார்த்தேன். டக், டக். பெடல் அச்சே கழன்று ஆடுகிறது. மேட்டில் அழுத்தி மிதித்தால் இரண்டு பல்சக்கரமும் சாய்கிறது, தகடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதில் திருகை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன? மூன்று வாரமாக இரண்டு பைத்தியங்கள்.

துண்டுக் காகிதத்தில் எழுதினேன். "பெடல் அச்சு ஆடுகிறது. ஏற்றத்தில் மிதிக்காதே. முதலாளியம்மாவிடம் சொல்." நாலாக மடித்து, வழக்கமான இடத்தில், வழக்கமான முடிச்சில் கட்டினேன்.

மார்ச் 23, ஞாயிறு

சனி, ஞாயிறு வண்டி ஓடாது, வகுப்பும் கிடையாது. முதலாளியம்மாவின் எண் என்னிடம் இருக்கிறது. அவன் எண்ணும் இருக்கிறது. காகிதத்தில்தான் எழுதிவிட்டேனே. நாளை அவனுக்கு மூன்றாவது கோடு விழுந்தால் செவ்வாய்க்கிழமை நான் வகுப்பில் இருப்பேன். செவ்வாய் ஏழாவது நாள். போனை எடுத்தேன், வைத்தேன். துணி மடித்தேன்.

மார்ச் 24, திங்கள்

மேட்டில் மிதிக்கும்போது செயின் விழுந்து, ஆளும் விழுந்திருக்கிறான். எட்டு ஐம்பது. மூன்றாவது கோடு. வலது உள்ளங்கை தோல் உரிந்து, துணி சுற்றியிருந்தான். "நாளையிலேர்ந்து பழையபடியே" என்றார் முதலாளியம்மா.

அதற்குப் பிறகுதான் அச்சைப் பற்றிச் சொன்னேன். கோடு போட்ட மை காய்வதற்குள் சொன்னேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். சைக்கிள் கடைக்காரர் வந்து அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

ஒரே தட்டு. செயின் சின்னச் சக்கரத்தில் போய் உட்கார்ந்தது. ஏழு நாற்பதுக்கே மேட்டின் உச்சியில் இருந்தேன்.

பெட்டியைக் காலி செய்யும்போது அடியில் என் காகிதம் கிடந்தது. நாலாக மடித்தபடி, கட்டிய நூலோடு. அறுத்து உள்ளே எறிந்திருக்கிறான், பிரிக்கவே இல்லை. நான் அவனாக இருந்தாலும் பிரித்திருக்க மாட்டேன். பிரிக்க மாட்டான் என்று தெரிந்துதானே அதில் எழுதினேன்? ஆமாம். தெரிந்துதான்.

ஒரு மணிக்கு, அவன் வருவதற்கு முன்பே சைக்கிள் சீட்டை அவன் உயரத்துக்கு ஏற்றி வைத்தேன். வந்தவன் பார்த்தான். கட்டுப் போட்ட கையால் ஸ்பேனரை எடுத்துச் சீட்டை இறக்கினான். பிறகு தன் கையாலேயே மறுபடி அதே உயரத்துக்கு ஏற்றி முறுக்கிவிட்டுப் போனான்.

வகுப்பில் என் பெயரை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.