உன் ஆட்டம் பாக்கி

தங்கச்சி கொளஞ்சிக்கு, குவைத்திலிருந்து அக்கா ரெங்கம்மாள். நான் சுகம். உன் மூட்டுவலி குறைஞ்சுதா?

நான் சமைக்கிற வூட்டுல எல்லாருக்கும் கால்பந்தாட்டப் பித்து. உலகக் கோப்பைக்குப் போகணும்னா, ஒவ்வொரு நாட்டோடவும் இங்க ஒரு ஆட்டம், அவங்க ஊருக்குப் போயி ஒரு ஆட்டம் ஆடணுமாம். போன வாரம் இங்க நடந்த ஆட்டத்துல குவைத் ஜெயிச்சிடுச்சு. டிவி பார்த்துக்கிட்டே சோத்தைத் தீய விட்டுட்டேன், யாரும் திட்டல.

அன்னைக்குக் கனவுல நம்ம எறையூர் கரும்புக்காட்டுக்குள்ள அந்தப் பந்து நிலா மாதிரி மெதுவா உருண்டுச்சு. அந்தப் பக்கம் நீ நின்னே.

உன் மக காதுகுத்துக்கு நான் வேப்பந்தட்டை வந்தேன். என் மகன் கல்யாணத்துக்கு நீ எறையூர் வரல. சித்திரையில லீவுல வரேன். இந்தத் தடவை நீதான் எறையூர் வரணும். நார்த்தங்கா ஊறுகாய் கொண்டா, இங்க எதுவும் நாக்குல ஒட்டல.

வூட்டம்மா கூப்பிடறாங்க. நீ வராட்டி மறுபடியும் நானே வருவேன். அதையும் மறக்க மாட்டேன்.

அக்கா