தையல் இல்லாத கண்ணி

டாரல்,

ஆட்டுக்கறிக் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். நாய்க்குச் சாப்பாடு போட்டாயிற்று, அது பசி என்று நடிப்பதை நம்பாதே.

மரத்தில் என்னைத் தாங்குவது ஏறுகயிற்றைக் கவ்விப் பிடிக்கும் அந்த ஒரு முடிச்சுதான். அந்த முடிச்சுப் போடும் சிறுகயிற்றை என்னைக் கேட்காமல் வெட்டி, கோழிக்கூட்டுக் கதவுக்குக் கட்டியிருக்கிறாய். கேட்டால், "உரசி உரசிக் கருகிப்போச்சு, நீ விழுந்துடுவியோன்னு பயமா இருந்துச்சு" என்று சமாதானம் வேறு. பயமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்வதுதானே? மரமேறுகிறவள் கயிற்றில் அடுத்தவர் கத்தி வைப்பது இந்த ஹூவான் பள்ளத்தாக்கில் யாரும் செய்யாத காரியம்.

பதிலுக்கு நீயே ஒரு புதுக்கயிறு பின்னி வைத்திருக்கிறாய். பார்த்தேன். இரு முனையையும் வளைத்து உள்ளே செருகிய கண்ணி அழகாகத்தான் இருக்கிறது. கண்ணியின் கழுத்தில், முனை நழுவாமல் பிடிக்கும் தையல் எங்கே? நான் தொங்கும்போது அது இறுகும். கிளையில் உட்கார்ந்தால் தளரும். உள்ளே செருகிய முனை மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். நான் விழுந்துவிடுவேன் என்று பயந்தவன் செய்கிற வேலையா இது?

இன்று உன் புண்ணியத்தில் மேலே ஏறிக் கிளை வெட்டாமல், தரையில் நின்று மற்றவர்கள் வெட்டிப்போடும் கிளையை இழுக்கப் போகிறேன்.

மெரின்

பி.கு.: "புருஷன் வெட்டிட்டானா? என் கயித்த வச்சுக்க" என்று முதலாளி வார்விக் போனில் சிரிக்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன். ஊசியும் மெழுகுநூலும் மேசைமேல் இருக்கின்றன. நாளை நீ பின்னியதில்தான் ஏறுவேன்.