ஓடாத சைக்கிளில் ஆறு கிலோமீட்டர்

அம்மா,

மூன்று நாளாகப் பதுளையில் விடாத மழை. அறைக்குள் கொடி கட்டிப் போட்ட சட்டைகூடக் காயவில்லை. இப்படி ஈரம் ஏறும்போதெல்லாம் வீட்டிலிருந்து நான் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கும் அந்த சைக்கிளின் கைப்பிடிப் பஞ்சிலிருந்து உன் தைல வாசனை வந்துவிடுகிறது. பஞ்சுக்குள் ஊறிக் கிடந்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான். இரண்டு தடவை சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். இன்றைக்கு மூன்றாவது தடவை துணியை நனைத்து எடுத்துக்கொண்டு போனேன். துடைக்காமல் திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு உருக்கமாக எழுத வராது. கழற்றுவேன், பார்ப்பேன், மாட்டுவேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நெஞ்சுவலி என்று ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நீ வீட்டுக்குப் போன அன்று, தினமும் சமதரையில் மெதுவாக நடக்கச் சொன்னார் டொக்டர். ஏற்றம் மட்டும் வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் நீ சிரித்தாய். நம் தேயிலைத் தோட்டத்தில் சமதரை எங்கே இருக்கிறது? தண்ணீர்க் குழாய்க்கு இறக்கம், கோவிலுக்கு ஏற்றம், ரோட்டுக்கு வர எழுபத்தோரு படி. "சமதரைன்னா அப்புத்தளை டேசன் பிளாட்பாரம்தான் தம்பி. டிக்கெட்டு இல்லாம தெனம் நடந்தா புடிச்சு உள்ள வச்சிருவாங்க" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரச்சினை என்றால் அதற்கு ஒரு தீர்வு இருக்க வேண்டும். பஸ் ஏறும் முன்பே, நின்ற இடத்திலேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றைப் போனில் தேட ஆரம்பித்துவிட்டேன்.

புதியது வாங்கக் கட்டாது. பழையது ஒன்று அப்புத்தளையிலேயே இருந்தது. ஓய்வுபெற்ற ஒரு சிங்களப் பெரியவரின் வீடு, எல்லோருக்கும் மாத்தயா. மகளிடம் போய் இருக்கப் போவதால் சாமான்களை எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். சைக்கிள் மேல் ஈரத் துவாய்கள் தொங்கின. அவற்றை அவருடைய மனைவி அவசரமாக எடுத்தார். நான் பக்க மூடியைக் கழற்றி, பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, சக்கரத்தைச் சுழற்றி பெயரிங் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டேன். மிதியைக் கனமாக்கக் காந்தத்தை இறுக்கும் திருகு நன்றாக வேலை செய்தது. மீட்டர் மட்டும் செத்துக் கிடந்தது. பேட்டரி கசிந்து பச்சை பிடித்திருந்தது. சுரண்டிப் புது பேட்டரி போட்டதும் இலக்கம் வந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த சைக்கிள் பிடித்தது.

நீ கேட்டுக்கு வெளியிலேயே நின்றாய். நான் கூப்பிட்டும் வரவில்லை. அந்த அம்மணி வந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்து சீட்டில் உட்கார வைத்தார். இரண்டு மிதி மிதித்துவிட்டுக் குனிந்து தரையைப் பார்த்து, "இது எங்கயுமே போகாதா?" என்று கேட்டாய். நான் மாத்தயாவுக்கு அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவரும் இருபது வருசமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

ரோடு வரைக்கும் ஆட்டோ. அங்கிருந்து எழுபத்தோரு படியும் நாலு பேர் தூக்கி வந்து லயத்து வரிசையில் நம் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் இறக்கினோம். உள்ளே அறையில் கட்டில் போக மிச்சம் இடம் எங்கே இருந்தது? நீ சந்தனம் குங்குமம் வைத்தாய். எலுமிச்சம்பழம் எந்தச் சக்கரத்துக்கு அடியில் வைப்பது என்று தேடினாய். சக்கரம்தான் மூடிக்குள் இருக்கிறதே. கடைசியில் சைக்கிளின் முன் காலடியில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாய். பக்கத்துக் காம்பரா மல்லிகா சித்தி வாசலில் நின்று, "அக்கா, அடுத்த டேசன் எது?" என்றது. "தியத்தலாவ. எறங்குறியா?" என்றாய் நீ. லயமே சிரித்தது. நான் மீட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிளினிக்கில் சைக்கிள் விஷயத்தைச் சொன்னதும் டொக்டருக்கு நல்ல சந்தோஷம். திருகைத் தளர்த்தியே வைக்கச் சொன்னார். உன்னைப் பார்த்து ஒரே ஒரு விதி சொன்னார்: "மிதிக்கும்போது பக்கத்துல இருக்கிறவங்களோட சாதாரணமா பேச முடியணும். பேச்சு முட்டிச்சுன்னா இறங்கிடுங்க." எத்தனை கிலோமீட்டர் என்று நான் கேட்டேன். கிலோமீட்டரெல்லாம் வேண்டாம், முடிந்த அளவு போதும் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. முடிந்த அளவு என்றால் என்ன அளவு? பேச்சு ஒரு அளவுகருவியா? பதுளைக் கடையில் மோட்டர் திருத்துகிறவன் நான், என்னிடம் வந்து ஒருத்தன் "சூடு முடிந்த அளவு இருக்கலாம்" என்று சொன்னால் நான் அவனைக் கடையில் ஏற்றுவேனா? அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மார்க்கரால் "ஒரு நாளைக்கு 4" என்று எழுதி, மீட்டருக்கு நேரே சுவரில் ஒட்டினேன். இரண்டு மாதத்தில் 4ஐ வெட்டி 5. பிறகு 6.

நான் யாருக்கு அந்த இலக்கத்தை எழுதிக் கொடுக்கிறேன் என்பதைத்தான் நினைக்கவில்லை.

முப்பத்து நாலு வருசம் நீ மலையில் நின்றவள். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று இருந்தது. அது வந்தால் முழுப்பேர், முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். காய்ச்சலோடு போன நாளிலும் நீ அரைப்பேர் வாங்கியதில்லை என்று சொல்லிக்கொள்வாய். ஒருத்திக்கு முடியாத நாளில் பக்கத்து நிரையில் நிற்கிறவள் ஒன்றும் பேசாமல் இரண்டு கை கொழுந்தை அவள் பைக்குள் போடுவாள் என்பதையும் நீதான் சொல்லியிருக்கிறாய். வாங்கியவள் நன்றி சொல்ல மாட்டாள். கங்காணி வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். நிறுக்கும்போது எல்லோருக்கும் சரியாக இருக்கும். எனக்கு அது சின்ன வயசில் கேட்ட கதை. கதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு நான் போன் எடுப்பேன். "எத்தனை?" என்பேன். "ஆறு" என்பாய். "சரிம்மா" என்று வைத்துவிடுவேன். ஒரு நாள் மழை, கரண்ட் இல்லை, மேலுக்கு முடியவில்லை என்று "நாலரை" என்றாய். கரண்டுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம், அது பேட்டரியில்தானே வேலை செய்கிறது என்று ஏசினேன். மேலுக்கு முடியவில்லை என்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நாலரை வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது மீட்டரின் மொத்தத்தையும் பார்ப்பேன். ஏழு நாளைக்கு நாற்பத்திரண்டு. ஒரு புள்ளிகூடக் குறையாது. நான் திருத்துகிற எந்த இயந்திரமாவது நாள் தவறாமல் ஒரே அளவைத் தந்தால் முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்படுவேன். உன் விஷயத்தில் பெருமைப்பட்டேன்.

இடது கைப்பிடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நீ வெற்றிலை போடமாட்டாய். பார்த்தேன். விரலால் சுரண்டி எடுத்துவிட்டு மீட்டரைப் பார்க்கப் போய்விட்டேன்.

கடைசி கிளினிக்கை எழுதித்தான் ஆக வேண்டும். டொக்டர் உன்னிடம்தான் கேட்டார், மூச்சு வாங்குகிறதா என்று. நீ வாயைத் திறக்கும் முன்னால் நான் சொன்னேன், "அதெல்லாம் இல்ல டொக்டர், தெனம் ஆறு கிலோமீட்டர்." அவர் என்னை விட்டுவிட்டு மறுபடியும் உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாய். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது இரண்டு இடத்தில் நின்றாய். செருப்பைச் சரிபண்ணினாய். இரண்டு தடவையும் செருப்பு.

அதற்குப் பதினேழு நாள் கழித்து, விடியக்காலை முகம் கழுவிவிட்டு வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தவள் எழும்பவில்லை. உன்னைத் துணியில் வைத்துப் படி படியாக ரோட்டுக்குத் தூக்கி வந்தார்களாம். ஆட்டோ வந்தபோது மூச்சு இல்லை. நான் பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எல்லாம் முடிந்தது வழியில் பண்டாரவளைக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

கருமாதி வரைக்கும் நான் யாரிடம் பேசினாலும் ஒரே பேச்சுத்தான். தினமும் ஆறு கிலோமீட்டர் மிதித்த நெஞ்சு எப்படி நிற்கும்? மாத்திரையில் ஏதோ கோளாறு. இல்லையென்றால் தூக்கி வந்தவர்கள் தாமதித்துவிட்டார்கள். மாமாவிடம் சொன்னேன், ஐயரிடம்கூடச் சொன்னேன். கருமாதி அன்று சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற இடத்திலும் அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். உன்னைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் அங்கேதான் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மல்லிகா சித்தி வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டிய விரலோடு என் கையைப் பிடித்து இழுத்து லயத்துக்குப் பின்பக்கம் கூட்டிப் போனது.

"போதும் தம்பி. யாரையும் சொல்லாத. அந்த ஆறுல அக்கா ரெண்டுதான் மிதிக்கும். மிச்சம் நான்."

எனக்கு விளங்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.

"அக்காவுக்கு மூச்சு இழுக்கும். எறங்கி ஸ்டூல்ல ஒக்காந்துக்கும். நான் ஏறி நெரப்பி விட்டுருவேன். மலையில செய்யாததா?"

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கத்தினேன். சித்தி பயப்படவில்லை. "நான் சொல்லுறேன்னுதான் சொன்னேன். அக்கா விடல. 'கொறைச்சு சொன்னா அவன் கொரலே மாறிப்போகுதுடி, தனியா அங்க கெடக்கான், ராவெல்லாம் அதையே யோசிப்பான்'னு சொல்லிச்சு."

கடைசி வாரம் எப்படி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கடைசி எட்டு நாளும் நீ சைக்கிளில் ஏறவேயில்லையாம். ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாயாம். சித்தி ஆறையும் மிதித்துவிட்டு இறங்குமாம். பேசும்போது நடு நடுவே நீ நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டாய் என்று சித்தி சொன்னது. சைக்கிளில் இல்லை, அம்மா. ஸ்டூலில்.

டொக்டர் சொன்ன அளவுகருவி பிழையில்லை. அதை வாசிக்க ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து உன்னோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ஆறு மணி போனில் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் எனக்கே கேட்டிருக்கும். ஒரு பெயரிங் போவதைக் காதால் கண்டுபிடிக்கிறவன் நான். "ஆறு" என்ற ஒரு சொல்லில் எதுவும் கேட்காது. அந்தச் சொல்லுக்கு மேல் நான் உன்னைப் பேசவிட்டதில்லை.

மல்லிகா சித்தி மேல் எனக்குக் கோபம் இருந்தது. நாலு மாதம் பேசவில்லை. அது தன் சுகத்துக்காக ஏமாற்றவில்லை. தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு, மலையில் நின்ற காலோடு, தினமும் உனக்காக நாலு கிலோமீட்டர் மிதித்தது. இப்போது அதற்கும் கால் வீங்குகிறது. போன மாதம் நானே கிளினிக்குக்குக் கூட்டி வந்தேன். வரிசையில் காத்திருக்கும்போது, உன் கடைசி பின்னேரத்தைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்கு நீ "ஆறு" என்று சொன்ன பிறகு "தம்பி…" என்று இன்னொன்று சொல்ல ஆரம்பித்தாய். நான், "மோட்டர் ஒண்ணு கழட்டிப் போட்டுருக்கேம்மா, அப்புறம் எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அப்புறம் எடுக்கவில்லை. அது என்னவாக இருக்கும் என்று சித்திக்குத் தெரியுமா?

தெரியாது என்றது. சித்தி அப்போது சைக்கிளில் இருந்ததாம். நீ போனை மடியில் வைத்தாயாம். என்னவாம் என்று சித்தி கேட்டதற்கு, "புள்ள வேலையில இருக்கான்" என்றாயாம். அவ்வளவுதான் சொன்னாயாம்.

நான் அன்றைக்கு வேலையில் இல்லை, அம்மா. ஐந்து மணிக்கே கடையைப் பூட்டியாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஓவர்தான் மிச்சம் இருந்தது. இதை மல்லிகா சித்தியிடம் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.