பூசணிப் பிஞ்சும் பிலோவின் விரலும்

1-10-56, திங்கள்
காலையில் தூறல். விறகு நனைந்து அடுப்பு மூட்டப் பெரும்பாடு. மகள் பிலோவுக்கு எண்ணப் பழக்கத் தொடங்கி ஒரு வாரம். நாலு வயசுக்குப் புளியங்கொட்டைதான் பாடம். வரிசையாக வைத்தால் அஞ்சு வரை தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள். அதே கொட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் "இப்ப நெறையா" என்கிறாள். "அஞ்சு குடு" என்றால் கடைசிக் கொட்டையை மட்டும் எடுத்து நீட்டுகிறாள். அஞ்சு என்பது அந்தக் கொட்டையின் பெயராம். முதலில் சிரிப்பு, பிறகு யோசனை. நான் இதை எப்போது கற்றேன்? ஞாபகமே இல்லை.
வாங்க: மண்ணெண்ணெய், மிளகாய், அவர் சட்டைக்குப் பொத்தான்.

3-10, புதன்
நல்ல வெயில். கண்டதையெல்லாம் எண்ணுகிறாள். கோழி, சட்டி, அத்தையின் வளையல். சாயங்காலம் வேலியோரப் பூசணிக்கொடியில் பிஞ்சுகளை விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். மதினி, அவருடைய அக்கா, கிணற்றடியிலிருந்து ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் வெம்பிப் போகுமாம், மடக்கித்தான் காட்ட வேண்டுமாம்.

4-10, வியாழன்
ராத்திரி மழை. காலையில் இரண்டு பிஞ்சு வெம்பிக் கிடந்தன. மதினி எடுத்து வந்து பிலோ கண்ணெதிரே வைத்தார். பிள்ளை அழவில்லை. வலது கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

6-10, சனி
எண்ணுவதே இல்லை. கொட்டையைப் பரப்பினால் எழுந்து போகிறாள். ஜெபமாலை மணியைக்கூட வாய் திறக்காமல் உருட்டுகிறாள். மணியை எண்ணலாம், பூசணியை எண்ணக்கூடாது, இது என்ன நியாயம் என்று மதினியிடம் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. எனக்கு இது ஐந்தாம் மாசம். போன வருஷம் இதே ஐந்தாம் மாசத்தில்தான் கரு தங்காமல் போனது. விரல் விட்டு மாசத்தை எண்ணி எண்ணியே இப்படி ஆயிற்று என்றார் மதினி அப்போது. கெட்ட மனசு இல்லை. என்னைவிட அதிகம் அழுதவர் அவர்தான்.
ஆலங்குடி பஸ்ஸை விட்டு இறங்கி வந்த கண்டக்டர் ஐயா, என் வீட்டுக்காரர், விஷயம் கேட்டுச் சொன்னது: "தெனம் பஸ்ஸுல அம்புட்டுத் தலையையும் வெரல் நீட்டித்தான் எண்ணுறேன். ஒருத்தரும் வெம்பி விழுகலை." மதினிக்கே சிரிப்பு.

7-10, ஞாயிறு
பூசை முடிந்து வந்ததும் ஒரு காரியம் செய்தேன். கொடியில் புதுப் பிஞ்சு ஆறு. கிழக்கே மூன்றை விரல் நீட்டிச் சத்தமாக எண்ணினேன். அடையாளத்துக்குச் சிவப்புத் துணி. மேற்கே மூன்றை அப்படியே விட்டேன். பிலோ எட்ட நின்று பார்த்தாள். அவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.
பாப்பா பேசுதா என்று என் வயிற்றில் காது வைத்துக் கேட்டாள். இன்னும் இல்லை.

12-10, வெள்ளி
கத்திரிக்காய்க் குழம்பு, உப்புக் கூடிவிட்டது. கிழக்கே ஒன்று விழுந்திருந்தது. மேற்கே ஓடினேன், அங்கேயும் ஒன்று! பூசணி விழுந்ததற்குச் சந்தோஷப்பட்டவள் ஊரில் நான் ஒருத்திதான். மழையில் பூவுக்குள் தண்ணீர் தேங்கி, வண்டு வராமல் போயிருக்குமோ? கவனிக்கணும். மற்ற நாலும் கைக்கு அடங்காமல் பெருத்துவிட்டன. பிலோ இரண்டு பக்கமும் நடந்து நடந்து பார்த்தாள்.

13-10, சனி
வெயில். அவருக்கு லீவு. மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு இலை எடுக்க வேண்டும், வீட்டில் எத்தனை பேர் என்று பிலோவைக் கேட்டேன், சும்மாதான்.
பாவாடையிலிருந்து கை வெளியே வந்தது. அப்பா ஒண்ணு. அத்தை ரெண்டு. தன் நெஞ்சைத் தொட்டு மூணு. என்னைக் காட்டி நாலு. அப்புறம் விரல் என் வயிற்றுக்கு நேராக நீண்டது.
என் கை தானாகப் போய் அந்த விரலைப் பிடித்துவிட்டது. இத்தனை சோதனைக்குப் பிறகும். பயம்தான், வேறென்ன.
"மடக்கணுமாம்மா?"
மதினி உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிடியை விட்டேன்.
"வேணாம்டி. நீட்டியே எண்ணு."
"அஞ்சு."
அந்தப் புளியங்கொட்டை ஞாபகம் வந்து, அஞ்சு எது என்று கேட்டேன். வயிற்றைத்தான் காட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டு கையையும் அகல விரித்தாள்.
"எல்லாரும்."