வெளுத்துக் கிடந்த கன்ட்ரோல்

மார்ச் 3, செவ்வாய்

பரிசோதனைக்கூடத்தில் கட்டித் துண்டுகளுக்குச் சாயமேற்றி எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. மார்பகப் புற்றுக்கட்டியில் ஹெர்-டூ என்ற புரதம் அதிகமாக இருந்தால் பழுப்பாகச் சாயம் பிடிக்கும். முரட்டு வகை, வேகமாகப் பரவும். ஆனால் அதற்கென்றே மருந்து உண்டு. பிடிக்காவிட்டால் அந்த மருந்தைக் கொடுக்கமாட்டார்கள். அதனால்தான் துண்டை ஒட்டும் ஒவ்வொரு கண்ணாடித் தகட்டிலும், பழுப்பாகும் என்று ஏற்கெனவே தெரிந்த வேறொரு துண்டையும் வைப்போம். அதுதான் கன்ட்ரோல்.

இன்று ஒன்பது பெண்களின் கண்ணாடிகள். ஒன்பதிலும் கன்ட்ரோல் வெளுத்துக் கிடக்கிறது. சாயமே வேலை செய்யவில்லை! பெரிய டாக்டரிடம் ஓடினேன்.

"கன்ட்ரோல் பழசும்மா, விடு."

ஒன்பதுக்கும் 'நெகட்டிவ்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். கன்ட்ரோல் என்ன, உப்புக்குச் சப்பாணியா?

மார்ச் 4

சாப்பாடு இறங்கவில்லை. அக்காவிடம் போனில் சொன்னேன். "உனக்கெதுக்குடி வம்பு?" என்றாள். "அந்த ஒன்பதில் நீ ஒருத்தியாக இருந்தால்?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 5

சாயச் சீசா காலாவதியாகி ஒரு மாதம். புதுசு கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தேனே! "இருக்கிறதைத் தீர்த்துட்டுப் பாக்கலாம்" என்றது யார்? பெரிய டாக்டர்தான். சரி, தேதியைப் பார்க்காமல் எடுத்து ஊற்றியது யார்? நான்தான். அதையும் எழுதத்தானே வேண்டும்.

மார்ச் 6

எதிர்த்தெரு பரிசோதனைக்கூடத்தில் கெஞ்சிப் புதுச் சாயம் வாங்கி வந்தேன். யாரையும் கேட்காமல் ஒன்பதையும் மறுபடி செய்தேன். கன்ட்ரோல் பளிச்சென்று பழுப்பு. ஏழு பேர் நெகட்டிவ்தான். இரண்டு பேர் — நல்ல பழுப்பு. ஒருத்திக்கு வயது முப்பத்திநாலு.

மார்ச் 9

புதுக் கண்ணாடிகளைப் பெரிய டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலம் திருத்திய அறிக்கை தயார். காரணம்: 'டெக்னீஷியனின் கவனக்குறைவு.' அவர் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

"கீழ நீ சைன் பண்ணு, இப்பவே அனுப்பிடறேன்" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படுபாவி. ஒத்துக்கொள்ளாமல் இழுத்தால் யாருக்கு நாள் போகும்? போட்டேன்.

மார்ச் 10

முப்பத்திநாலு வயதுக்காரி அறிக்கை வாங்க வந்தாள். நின்றபடியே படித்தாள்.

"யாருங்க அந்த டெக்னீஷியன்? நான் அவங்கள பாக்கணும்."

"நான்தாங்க" என்றேன்.

திட்டினாள். எல்லோர் முன்னாலும், வாய்க்கு வந்தபடி. பெரிய டாக்டர் அறைக் கதவு சாத்தியே இருந்தது.

அவளுக்கு வியாழக்கிழமை அந்த மருந்து ஆரம்பம்.