ரெண்டும் ஒண்ணா விழும்

அக்கா,

காலையில் மல்லாட்டை அவித்தேன். வேர்க்கடலை ஆவி மூக்கில் ஏறினதும் உன் ஞாபகம்தான். நீ போய்ச் சேர்ந்த பிறகும் பக்கத்து வீட்டு உன் பங்கையும் சேர்த்துத்தான் கை அளக்கிறது.

என் பேத்தி ஸ்டெல்லா பிசிக்ஸில் டாக்டர் பட்டம் வாங்கி திண்டிவனம் வந்தபோது, "ஊசி போடத் தெரியாத டாக்டருடி இவ!" என்று சிரித்தாயே. அப்புறம் அவளுக்கு போஸ்ட் டாக் ஃபெல்லோஷிப் கிடைத்தது. பட்டத்துக்கு மேலேயும் ஆராய்ச்சி. பிள்ளைகள் பிசிக்ஸை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்கிற வேலை. பெரிய கல்லையும் சின்னக் கல்லையும் மேலிருந்து போட்டால் எது முதலில் விழும் என்று நம் தெருப் பிள்ளைகளைக் கேட்டு, பேச்சைப் பதிந்து, மாசக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருசம் நீட்டிக்க மாட்டார்கள் என்று கவலைப்பட்டாள்.

அது உன் காதில் விழுந்தது. பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் இவள் வேலை போய்விடும் என்று பயந்து, டியூஷன் வாத்தியாரிடம் விடை கேட்டு, ஆளுக்கு ஒரு கை மல்லாட்டை கொடுத்து மனப்பாடம் பண்ணவைத்தாய். மறுநாள் ஸ்டெல்லா வாயைத் திறக்கும் முன்னே, "ரெண்டும் ஒண்ணா விழும் டீச்சர்!" என்று கத்தினார்கள். சரியென்று பல்பையும் பேட்டரியையும் காட்டி, எரியுமா என்று கேட்டாள். அதற்கும் ஒரு பொடிசு, "ரெண்டும் ஒண்ணா விழும்!"

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரியாயா, விடை எனக்கே தெரியும். அதுங்க மனசுல என்னா இருக்குதுன்னுதான் வேணும். தப்பா சொன்னாலும் எனக்கு அதுதான் வேலை."

"தப்புக்கா சம்பளம் குடுக்குறானுங்க?" என்றாய். அப்புறம் உன் முகம் சுண்டிப்போனது. "பேஜாரு பண்ணிட்டேனே! அழாதடி. காணையில எங்க நாத்தனா வீட்டாண்ட புள்ளைங்க நெறைய இருக்குதுங்க. ஜல்தி கெளம்பு."

விழுப்புரத்தில் பஸ் மாறிக் காணை கிராமத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண்பிள்ளை, "பெரிய கல்லுதான் மொதல்ல. அதுக்குத்தான் தரைமேல ஆசை ஜாஸ்தி" என்றது. நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் தொடையைக் கிள்ளினாய். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "ஏன் அப்படி நெனைக்கிற கண்ணு?" என்று கேட்டாள். அது பேசிக்கினே இருந்தது.

திரும்புகிற பஸ்ஸில் நீ மெதுவாகச் சொன்னாய்: "நம்மள யாருடி அப்படிக் கேட்டாங்க? தப்புன்னா முட்டி மேல அடிதான்." அஞ்சாவதோடு நின்ற நான் என் முட்டியைத் தடவிக்கொண்டேன்.

அந்தப் பேச்சுகளை அனுப்பித்தான் ஸ்டெல்லாவுக்கு இன்னொரு வருசம் கிடைத்தது. இப்போது கல்லூரியில் வாத்தியார்களுக்கே பாடம் எடுக்கிறாள், தெரியுமா?

நேற்று என் சின்ன மகனோட மகள், ஃபேனுக்குள்ளே ஐஸ் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் காற்று சில்லென்று வருகிறது என்றாள். தப்பு என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் அப்படி நெனைக்கிற கண்ணு?"

சோறு ஆறிப்போகிற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாள், அக்கா.