கோலில் நிற்கிற பையனுக்கு ஒரு சொல்

ஹந்தானை, கண்டி
1998 மே மாதம் 12

அன்பு மகன் சுந்தரலிங்கத்துக்கு அப்பா கறுப்பையா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி இரஞ்சிதம் எழுதுகிறது. இங்கே நாங்கள் மூச்சுக்கும் வேலைக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், வவுனியாவில் நீயும் மருமகளும் பேத்தியும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று மாரியம்மனை நினைத்துத்தான் தினம் விளக்கு வைக்கிறோம். உன் கடிதம் கிடைத்தது, கவரை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். இதையும் ஆமிக்காரன் பிரிப்பான் அப்பா, பார்த்துச் சொல்லு என்கிறாள் இரஞ்சிதம். பிரிக்கட்டும், நான் பந்து விளையாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, ஆனாலும் மலை ஏற முடியவில்லை, காலையில் கொழுந்துக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போவதை விட்டுவிட்டாள். தை மாதம் தலதா மாளிகையில் குண்டு வெடித்த நாளிலிருந்து நாங்கள் டவுனுக்குப் போய்வருவதே பெரும்பாடாக இருக்கிறது, பஸ்ஸில் நம்ம பாஷை பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். போன கிழமை நம்ம லயத்து வீடுகளில் ஆமி சோதனை போட்டார்கள். பெட்டியில் இருந்த உன் பழைய பச்சை ஜேர்சியைத் தூக்கிப் பிடித்து இது யாருடையது என்று ஒருத்தன் கேட்டான். மகனுடையது, இப்போ அரசாங்கத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் என்றேன். எங்கே வேலை என்றான். வவுனியா என்று சொல்ல நாக்கு வரவில்லை ராசா, மாத்தளை என்று சொல்லிவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் நீ எழுதியிருக்கிறாய், வவுனியாப் பையன்களை வைத்து ஒரு டீம் கட்டியிருக்கிறேன், அடுத்த மாதம் கண்டிக்குக் கூட்டி வந்து போகம்பரை மைதானத்தில் இங்கத்தைய பையன்களோடு ஆட விடப் போகிறேன், ஆமியிடம் பயணப் பாஸ் எல்லாம் நானே பொறுப்பெடுத்து எடுக்கிறேன் என்று. இரஞ்சிதம் வாசித்துக் காட்டினதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்குறணை மக்கீன் நானா கடையில் அதைச் சொன்னேன். உன்னை முதன்முதலில் டீமில் சேர்த்துவிட்ட மனுசன், கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். பந்து பிடிச்ச கை இப்ப பேனா பிடிக்குது, அதையும் நழுவ விடமாட்டான் உங்க மகன், பயப்படாதீங்க என்கிறார். அவருக்கு என்ன, சிரிப்பார். பெத்தவனுக்கு அப்படி இருக்குமா?

எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் நடந்தது ஒன்றும் மறக்கவில்லை. அந்த டீமில் நீ கோலில் நின்ற முதல் ஆட்டத்தில் உயரத்தில் ஒரு பந்து வந்தது, நீ அதைப் பிடிக்கப் பாய்ந்துகொண்டே விடு விடு என்று தமிழில் கத்தினாய். முன்னால் நின்ற சிங்களப் பையனுக்கு என்ன விளங்கும், அவன் எகிறித் தலையால் முட்டி நம்ம கோலுக்குள்ளேயே போட்டுவிட்டான். அன்றைக்கு உனக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சமா? அதற்குப் பிறகுதான் நீ மகே என்று கத்தப் பழகினாய். மகே என்றால் சிங்களத்தில் என்னுடையது, யாரும் தொடாதே. நீ அப்படிக் கத்தினால் தன் ஆள் எதிராள் எல்லாரும் விலகி வழிவிடுவார்கள், பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு மயிர் சிலிர்க்கும். நாட்டு டீமுக்கே உன்னைக் கூப்பிட்டார்கள், பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதைக்கூட நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

எண்பத்து மூன்று கலவரத்தில் நடந்ததைத்தான் மனசில் வைத்திருக்கிறேன். பிராக்டிஸ் முடித்து வந்த உன்னைக் கெட்டம்பேயில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பெயர் கேட்டார்கள், நீ மறைக்காமல் சொன்னாய். அந்தக் கூட்டத்தில் கையில் பொல்லுத் தடியோடு நின்றான் நாவலப்பிட்டி டீமில் முன்னால் ஆடுகிற விமலசேன. உன்னைத் தாண்டி ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை என்று மைதானத்தில் உன்னோடு சண்டைக்கு வந்தவன். அவன்தான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, உன்னுடைய சத்தத்தையே போட்டான். “மகே!” எல்லாரும் விலகிவிட்டார்கள், நீ அவனுடைய இரை என்று நினைத்தார்கள். உன் சட்டையைப் பிடித்து, அவர்கள் பார்க்க முகத்தில் ஒரு அறை விட்டு, ஆற்றங்கரைப் பக்கம் இழுத்துப் போய், மேட்டுப் பாதையைக் காட்டி ஓடு என்றான். பொல்லோடு அங்கே அவன் எதற்கு நின்றான் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ தோள் உடைந்து ஆட்டத்தை விட்டு, லீக் காரியாலயத்தில் மேசைக்குப் போய், பிரஜாவுரிமை கிடைத்து உத்தியோகத்தன் ஆனபோதெல்லாம் அவன் வந்து கை கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த விமலசேனவின் மூத்த மகன் ரெண்டு வருசத்துக்கு முன்னே முல்லைத்தீவு ஆமிக் காம்பில் சண்டையில் செத்தான், உடம்புகூட வீடு வந்து சேரவில்லை, உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவன் என்னைக் கண்டால் ரோட்டின் அடுத்த பக்கத்துக்கு மாறிவிடுவான். அப்படிப்பட்டவன் போன ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்துகொண்டு லயத்துக்கு ஏறி வந்தான். உள்ளே வரவில்லை, கதிரையும் வேண்டாம் என்றான், வாசற்படியில் குந்தினான். அம்மா தேத்தண்ணி கொடுத்தாள், வாங்கினான், குடிக்காமல் ஆறுகிறவரை கையிலேயே வைத்திருந்தான். வவுனியாவிலிருந்து டீம் வருகிறதாமே, உண்மையா என்று கேட்டான். ஆமாம் என்றேன். கோலில் யார், தமிழ்ப் பையனா என்றான். வேறு யார் இருப்பான் என்றேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னான், “அவனை மகே என்று கத்தச் சொல்லுங்கள். தமிழில் கத்த வேண்டாம். நான் கோலுக்குப் பின்னால் நிற்பேன்.” அவ்வளவுதான், எழும்பிப் போய்விட்டான்.

அவன் சொன்னது காவலுக்கா, வேறு எதற்காவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை. மக்கீன் நானா காவலுக்குத்தான் என்கிறார். அம்மா ஆறின தேத்தண்ணியைக் கொண்டுபோய் ஊற்றினாள். என் மனசு இப்போதும் கூட்டி வராதே என்றுதான் சொல்கிறது. ஆனால் கோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற கீப்பர் இல்லையே நீ, பந்தைக் கண்டால் வெளியே பாய்கிறவன், நான் சொல்லிக் கேட்கவா போகிறாய். அதனால் ஒன்று மட்டும் செய். அந்தப் பையனை இன்றைக்கே பிடித்து அந்தச் சொல்லைப் பழக்கு. பயத்தில் பெத்த தாயின் பேச்சுதான் வாயில் வரும், அதற்கு மேலாக இது வருகிற அளவுக்குப் பழக்கு. அவன் பெயர் என்ன, யார் பிள்ளை என்று எனக்கு எழுது. அன்றைக்கு நானும் கோலுக்குப் பின்னால் வந்து நிற்பேன், விமலசேன ஒரு கம்பத்துப் பக்கம், நான் மற்றக் கம்பத்துப் பக்கம். அவன் எதற்கு நிற்கிறான் என்று இந்தத் தடவையும் கேட்க மாட்டேன். நான் எதற்கு நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

அடையாள அட்டையைப் பயணப் பையில் வைக்காதே, சட்டைப் பையில் வை, பையன்களுக்கும் சொல்லு. தோளுக்கு எண்ணெய் போடு. பேத்திக்கு எங்கள் முத்தம். மாரியம்மன் உன்னோடும், உன்னை நம்பிப் பிள்ளைகளை அனுப்புகிற அந்தத் தாய்மாரோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு உன்னைப் பெத்த அப்பா,
கறுப்பையா (கைநாட்டு)